ஸ்டீவ் கிளார்க்: பெரிய மேலாளரா, காத்திருக்கத் தெரிந்த இரண்டாம் ஆளா?

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 19, காலை 9:12

இன்னும் தூங்கல. ஒன்னேகாலுக்கு ஆரம்பிச்ச ஆட்டம். முடியும்போது வீட்ல யாரும் எழுந்துடக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு ஹால்ல குதிச்சிட்டிருந்தேன். ஸ்காட்லாந்து 4, டென்மார்க் 2. 1998க்கு அப்புறம் முதல் தடவையா உலகக் கோப்பைக்குப் போறாங்க.

சந்தோஷம்தான். ஆனா காலையில பல் தேய்க்கும்போது ஒரு உறுத்தல், அதான் இந்த இழை. 2020 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, 2021லதான் நடந்தது), 2024 யூரோ, இப்போ 2026 உலகக் கோப்பைன்னு ஸ்டீவ் கிளார்க் மூணு பெரிய போட்டிக்கு அணியைக் கூட்டிட்டுப் போயிட்டார். ஸ்காட்லாந்தோட வேற எந்த மேலாளரும் செய்யாத காரியம். அப்படியும் "பெரிய மேலாளர்"னு சொல்ல எனக்கு வாய் வரல. குல்லிட், மொரின்யோ, ஜோலா, டால்கிளிஷ், டி மாட்டியோன்னு யார் யார் பக்கத்துலயோ நின்னே பாதி வாழ்க்கை போன ஆள். பிறவி உதவியாளர். நேத்து ஜெயிச்சது பாதி நடுக்கள ஆட்டக்காரர் மெக்டோமினே, பாதி அதிர்ஷ்டம்.

அடிக்கிறவங்க அடிக்கலாம்.

நீலச்சட்டை
2025 நவம்பர் 19, காலை 9:47

அடிக்காம விடுவேனா. நீங்க சொன்ன பட்டியல்ல முக்கியமான பேரையே விட்டுட்டீங்க: ஆட்டக்காரர் ஸ்டீவ் கிளார்க்.

செல்சிக்காக 421 ஆட்டம். வலது பக்க ஃபுல்பேக், அதாவது தற்காப்பு வரிசையோட வலது ஓரம். 1987 தொடக்கத்துல செயின்ட் மிரன்லேர்ந்து 4,22,000 பவுண்டுக்கு வந்தார். அப்போ செல்சி இன்னைக்கு நீங்க பாக்குற செல்சி கிடையாது. அடுத்த வருஷமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கின அணி. 1989ல 99 புள்ளியோட திரும்பி மேல ஏறினாங்க. அந்தக் கஷ்ட காலம் பூரா இருந்து, 1994ல கிளப்போட அந்த ஆண்டுக்கான சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கி, குல்லிட், ஜோலா எல்லாம் வந்து அணியே மாறினப்பவும் இடத்தை விடாம நின்னார். 1997 எஃப்ஏ கோப்பை, 26 வருஷத்துல செல்சி வாங்கின முதல் பெரிய கோப்பை, அதுல ஆடினார். கடைசி ஆட்டம் 1998 மே மாசம் ஸ்டாக்ஹோம்ல, கோப்பை வென்றோர் கோப்பையோட இறுதி. ஸ்டுட்கார்ட்டை 1-0ன்னு ஜெயிச்சுட்டுத்தான் பூட்ஸைக் கழட்டினார். இப்படி விடைபெற எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?

கிளப்போட நூற்றாண்டு அணியில வலது ஃபுல்பேக் யாருன்னு 2005ல கேட்டப்ப வந்த பேர் இவரோடதுதான்.

கணக்குப்பிள்ளை
2025 நவம்பர் 19, காலை 10:05

இதற்குப் பக்கத்தில் வேறோர் எண்ணையும் வைக்க வேண்டும். செல்சிக்கு 421, ஸ்காட்லாந்துக்கு வெறும் 6. 1987 முதல் 1994 வரை அவ்வளவுதான்.

ஸ்டாக்ஹோம் இறுதி 1998 மே 13. நான்கு வாரத்துக்குள் ஜூன் 10 அன்று, செயின்ட் டெனியில் பிரேசிலோடு உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் ஆடியது ஸ்காட்லாந்து. கோப்பை வென்றோர் கோப்பையைக் கையில் வைத்திருந்த கிளார்க்குக்கு அந்த அணியில் இடமில்லை. நேற்று வரை ஸ்காட்லாந்தின் கடைசி உலகக் கோப்பை அதுதான்.

இன்னொன்று. அவர் செயின்ட் மிரனை விட்டுப் போன சில மாதங்களில், அதே 1987 மே மாதம், செயின்ட் மிரன் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. டண்டீ யுனைடெட்டை 1-0. பாவம், ஜாதகத்தில் ஏதோ இருந்திருக்கிறது.

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 19, காலை 10:20

செயின்ட் மிரன் விஷயம் தெரியாது. வலிக்குது.

ஆனா ஆட்டக்காரர் நல்லவர்னா மேலாளரும் நல்லவர்னு ஆகுமா? ஃபெர்குசன் ஆடினப்போ ஓரளவுக்கு நல்ல ஸ்ட்ரைக்கர், அவ்வளவுதான். என் கேள்வி பயிற்சியாளர் கிளார்க் பத்தி.

நீலச்சட்டை
2025 நவம்பர் 19, காலை 10:41

சரி, அதுக்கே வரேன். 1998ல நியூகாசில்ல குல்லிட்டுக்கு உதவியாளர். அடுத்த ஆகஸ்ட்ல குல்லிட் கிளம்பினதும் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பொறுப்பு இவர்கிட்ட வந்தது. மான்செஸ்டர் யுனைடெட் 5-1. ஆண்டி கோல் மட்டும் நாலு. மேலாளரா முதல் நாள் இப்படி!

அப்புறம் செல்சிக்கே திரும்பி இளையோர் அணியைப் பாத்துக்கிட்டார். 2004ல மொரின்யோ வந்தார், கிளப்பை உள்ளும் புறமும் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னு இவரை மேல இழுத்துக்கிட்டார். அந்த சீசன்ல செல்சி 38 ஆட்டத்துல வாங்கின கோல் எவ்வளவு தெரியுமா? 15. இன்னிக்கு வரைக்கும் பிரீமியர் லீக்ல அது முறியடிக்கப்படல. எல்லாரும் மொரின்யோ போட்டிருந்த கோட் பத்திப் பேசினாங்க. தினமும் காலையில மைதானத்துல தற்காப்பு வரிசையோட நின்னவங்கள்ல ஒருத்தர் இந்த மனுஷன்.

பழைய லெஃப்ட்பேக்
2025 நவம்பர் 19, பகல் 12:30

தம்பிகளா, நானும் மாவட்ட லீகில் இருபது வருடம் ஃபுல்பேக் ஆடியவன், அதனால் இதில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

ஃபுல்பேக் ஆடுபவனுக்கு ஒரு புத்தி வந்துவிடும். மைதானம் முழுவதும் அவன் கண் முன்னால் இருக்கும். பின்னால் கோடு மட்டும்தான். ஸ்ட்ரைக்கர் பத்து வாய்ப்பை வீணடித்து ஒன்றைப் போட்டால் தோளில் தூக்குவார்கள். இவன் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் பெஞ்ச். கிளார்க் அணிகளைப் பார்த்தால் அந்தப் புத்திதான் தெரியும். முதலில் கதவைச் சாத்து. யார் வருகிறார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் அவர் கையில் கிடைத்த சரக்கு என்ன என்று பாருங்கள். அந்தத் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், ஆண்டி ராபர்ட்சனும் கீரன் டியர்னியும். இருவரும் இடது ஃபுல்பேக்! ஒரு வீட்டில் இரண்டு மூத்த மாப்பிள்ளை மாதிரி. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவரை உட்கார வைத்தோ, வேறு பக்கம் தள்ளியோ பார்த்தார்கள். கிளார்க் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி, டியர்னியை அதில் இடது ஆளாக்கி, ராபர்ட்சனை அவருக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடவிட்டார். டியர்னி பின்னாலிருந்து பந்தோடு ஏறினால் ராபர்ட்சன் இடம் கொடுத்து உள்ளே வருவார். எதிரணியின் வலது பக்கம் யாரைப் பிடிப்பது என்று திணறும்.

2021இல் செக் குடியரசோடு தோற்ற ஆட்டத்தில் டியர்னி காயத்தால் இல்லை. நான்கு நாள் கழித்து வெம்பிளியில் திரும்பி வந்தார்; இங்கிலாந்தோடு 0-0. அந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 19, பகல் 12:52

அண்ணே, மாப்பிள்ளை உதாரணம் அருமை. ஆனா அதே கிளார்க்தான் மெக்டோமினேவை அந்த மூணு பேர்ல வலது ஆளா நிறுத்தினார். பிற்பாடு நாப்போலியில சீரி ஆ பட்டம், லீகோட சிறந்த ஆட்டக்காரர்னு பேர் வாங்கின ஆளை சென்டர்பேக்! இதுக்கு என்ன சொல்றீங்க?

பழைய லெஃப்ட்பேக்
2025 நவம்பர் 19, பகல் 1:15

சொல்கிறேன். தவறு. ஆனால் திருத்திக்கொண்டதும் அவரே. 2024 யூரோ தகுதிச் சுற்றில் மெக்டோமினேவை மேலே ஏற்றி, பெட்டிக்குள் தாமதமாக ஓடிவரச் சொன்னார். ஸ்காட்லாந்தின் சொந்த மைதானமான ஹாம்ப்டனில் ஸ்பெயினை 2-0 வென்றபோது இரண்டும் அவர் கோல். அந்தச் சுற்றில் மொத்தம் ஏழு. அப்போது மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் பெரும்பாலும் நடுக்களத்தின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தார். இவனுக்குள் கோல் இருக்கிறது என்று நாப்போலிக்கு முன்னால் கண்டவர் யார்?

ஹாம்ப்டன்வாசி
2025 நவம்பர் 19, மாலை 6:08

நேற்று ஹாம்ப்டனில நிண்டனான். குரல் போயிட்டுது, அதால எழுதுறன். நான் கிளாஸ்கோ வந்து பதினெட்டு வருசம். 98ஐப் பற்றி இஞ்ச சனம் கதைக்கேக்க, எங்கட ஊரில பெரியாக்கள் பழைய காலத்தைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும். என்ர மகன் பிறந்ததில இருந்து ஸ்காட்லாந்து உலகக் கோப்பை ஆடி அவன் பாக்கேல்ல.

கென்னி மெக்லீன் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்து தூக்கி அடிச்சாரே கடைசிக் கோல், பந்து காத்தில போகேக்க ஸ்டேடியம் முழுக்க ஒரு செக்கன் அமைதி. பிறகு பக்கத்தில நிண்ட, பேரே தெரியாத ஒரு ஆள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். 2021ல இதே ஹாம்ப்டனில, இதே மாதிரி தூரத்தில இருந்து செக்கின்ர பாட்ரிக் ஷிக் அடிக்க, டேவிட் மார்ஷல் வலைக்குள்ள போய் விழுந்ததை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அண்டைக்குப் பட்டதை நேற்றுத் திருப்பிக் குடுத்தாச்சு எண்டு வீட்ட வரேக்க ரயிலில கதைச்சுக்கொண்டு வந்தினம்.

சரி, கிளார்க். உங்கட கதையில ஒரு இடம் விட்டுப்போச்சு: அவர் மேலாளரா இருந்த கில்மார்னாக் கிளப். அதை விளங்கிக்கொள்ளாம இந்த மனுசனை விளங்கேலாது.

2017 ஒக்டோபரில அவர் வரேக்க கில்மார்னாக் லீக்கின்ர அடியில. எட்டு ஆட்டத்தில ஒரு வெற்றியும் இல்லை. காசில்லாத கிளப், செயற்கைப் புல் மைதானம், வயசு போன ஸ்ட்ரைக்கர் கிறிஸ் போய்ட். அந்த சீசனிலயே 59 புள்ளி, அஞ்சாம் இடம். அடுத்தது 67 புள்ளி, மூண்டாம் இடம், 1966க்குப் பிறகு அவையின்ர மிகச் சிறந்த இடம். செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டு பேரையும் அடிச்சவை. ஸ்காட்லாந்தின்ர கால்பந்து எழுத்தாளர்கள் 2018, 2019 ரெண்டு வருசமும் இவரைத்தான் சிறந்த மேலாளர் எண்டு தெரிஞ்சவை.

அவர் போன பிறகு என்ன நடந்தது? ரெண்டே மாதம். யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில வேல்சின்ர கொன்னாஸ் கீ நோமட்ஸ் எண்ட சின்ன கிளப்பிட்டச் சொந்த மைதானத்தில தோத்து வெளிய. ஆக்கள் பெரும்பாலும் அதே ஆக்கள்தான்!

நீலச்சட்டை
2025 நவம்பர் 19, இரவு 7:33

இது போதும். நான் வழக்கை முடிச்சுக்கிறேன்.

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 19, இரவு 8:02

அவ்வளவு சீக்கிரம் முடிக்க விடமாட்டேன். இங்கிலாந்துல அவர் மேலாளரா இருந்த வெஸ்ட் ப்ராம், ரெடிங் ரெண்டு கிளப்பையும் யாரும் தொடலியே, ஏன்?

வெஸ்ட் ப்ராம்ல முதல் வருஷம் 49 புள்ளி, எட்டாவது இடம், சரி. கடைசி ஆட்டம் ஃபெர்குசனோட கடைசி ஆட்டம், 5-5. அதுல லுகாகு ஹாட்ரிக். அந்த சீசன்ல அவருக்கு 17 கோல். யாரு? செல்சிகிட்ட இரவல் வாங்கின ஸ்ட்ரைக்கர். அடுத்த வருஷம் லுகாகு எவர்ட்டன் போனார், கிளார்க் டிசம்பர்ல வீட்டுக்குப் போனார். ரெடிங்கை 2015ல எஃப்ஏ கோப்பை அரையிறுதி வரைக்கும் கூட்டிட்டுப் போய், வெம்பிளியில அர்செனலோட கூடுதல் நேரத்துல தோத்து, அதே வருஷ டிசம்பர்ல அங்கயும் வேலை போச்சு. அப்புறம் ஆஸ்டன் வில்லாவுல மறுபடி உதவியாளர்!

முதல் வருஷம் நல்லா போகும், இரண்டாவது வருஷம் டிசம்பர்ல பெட்டியைக் கட்டுவார். அதான் பாணி.

கணக்குப்பிள்ளை
2025 நவம்பர் 19, இரவு 8:30

வெஸ்ட் ப்ராமில் வேலை போவதற்குப் பதினொரு வாரம் முன்பு, 2013 செப்டம்பர் 28 அன்று, ஓல்ட் டிராஃபோர்டில் 2-1 வென்றார். அந்த மைதானத்தில் வெஸ்ட் ப்ராம் 1978க்குப் பிறகு கண்ட முதல் வெற்றி. தொடர்ந்து நான்கு தோல்வி வந்ததும் அனுப்பிவிட்டார்கள். கிளப் நிர்வாகங்களுக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான்.

ஆனால் ராத்திரிப்பந்து சொல்வதற்கு வலு சேர்க்கும் ஒன்றையும் நானே தருகிறேன். 2020 யூரோவுக்கு ஸ்காட்லாந்து நேரடியாகத் தகுதி பெறவில்லை. குழுவில் பெல்ஜியத்திடம் 3-0, 4-0, ரஷ்யாவிடம் 2-1, 4-0. பிளே-ஆஃப் எனும் கடைசி வாய்ப்புச் சுற்றுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்ததே 2018இல் நேஷன்ஸ் லீக் என்ற தனிப் போட்டியில் குழுவை வென்றதால்தான். அப்போது மேலாளர் அலெக்ஸ் மெக்லீஷ். கஜகஸ்தானில் 3-0 தோற்ற பிறகு வேலை போன அதே மெக்லீஷ்.

அதாவது கதவைத் திறந்து வைத்தவர் வேறொருவர். உள்ளே நுழைந்தவர் கிளார்க்.

பழைய லெஃப்ட்பேக்
2025 நவம்பர் 19, இரவு 9:10

நுழைவது அவ்வளவு சுலபமா? இஸ்ரேலோடு பெனால்டி. பிறகு பெல்கிரேடில் செர்பியா, 90ஆவது நிமிடத்தில் யோவிச் சமன் செய்கிறார், மறுபடி பெனால்டி. ஸ்காட்லாந்து ஐந்தும் உள்ளே. மித்ரோவிச் அடித்ததை மார்ஷல் தடுத்துவிட்டு, உடனே கொண்டாடாமல், தன் கால் கோட்டில் இருந்ததா என்று நடுவரைப் பார்த்தாரே! அந்த ஒரு நொடியில் கிளார்க்கின் அணி முழுவதையும் பார்க்கலாம்.

ஹாம்ப்டன்வாசி
2025 நவம்பர் 20, காலை 7:25

நான் நேற்று எழுத நினைச்சு விட்ட ஒண்டு. 2019 பெப்ரவரியில ரேஞ்சர்சின்ர மைதானம் ஐப்ரொக்ஸில அவையோட கோப்பை ஆட்டம், கில்மார்னாக் 5-0 தோல்வி. அங்க கூட்டத்தில ஒரு பகுதி இவரைப் பாத்து மதவெறிப் பாட்டுப் பாடினவை. கத்தோலிக்கன் எண்டு. மேற்கு ஸ்காட்லாந்தில பிறந்து வளந்த மனுசன், சால்ட்கோட்ஸ் காரர். ஆட்டம் முடிஞ்சு, இந்த இடத்தில இருந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போனதுக்குச் செல்சிக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லுறன் எண்ட மாதிரிக் கதைச்சவர். அந்த முகத்தை ரீவியில பாத்தனான்.

மூண்டு மாதத்தில அதே நாட்டின்ர அணியைப் பொறுப்பெடுத்தவர். இவர் சிரிக்கிறேல்ல எண்டு எல்லாரும் பகிடி பண்ணுவினம். எனக்கு அது பகிடியா வரேல்ல.

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 20, காலை 9:30

இது தெரியாது அண்ணே. உண்மையாவே தெரியாது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு எழுதுறேன். மனுஷன் மேல மரியாதை கூடுது. ஆனா 2024 ஜெர்மனியை எப்படி மறக்கிறது? மூனிக்ல 5-1. சுவிட்சர்லாந்தோட 1-1. ஹங்கேரியோட கட்டாயம் ஜெயிக்கணும்ங்கிற ஆட்டத்துல கோல் அடிக்கவே பயந்த மாதிரி ஆடி, 100வது நிமிஷத்துல வாங்கிட்டு வந்தாங்க. மூணு ஆட்டத்துல ரெண்டு கோல், அதுல ஒன்னு ஜெர்மனிக்காரனே தன் வலையில போட்டது. அப்புறம் நடுவர் ஏன் ஐரோப்பியர் இல்லைன்னு பிரஸ் மீட்ல புலம்பல். ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங்குக்குப் பெனால்டி கொடுத்திருக்கணும், ஒத்துக்கிறேன். அதுக்காக அர்ஜென்டினா நடுவர்ங்கிறதையா இழுக்கிறது?

நீலச்சட்டை
2025 நவம்பர் 20, காலை 10:02

அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கல. அது அவர் தரத்துக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை
2025 நவம்பர் 20, காலை 10:30

அதன் பிறகும் விழுந்தார்கள். இந்த மார்ச்சில் நேஷன்ஸ் லீக் பிளே-ஆஃபில் கிரீஸை அவர்கள் மண்ணிலேயே 1-0 வென்றுவிட்டு, ஹாம்ப்டனில் 3-0 தோற்று மேல்பிரிவிலிருந்து இறங்கினார்கள். அக்டோபரில் பெலாரஸை 2-1 வென்ற ஆட்டம் கிளார்க்குக்கு 72ஆவது. கிரெய்க் பிரவுனைத் தாண்டிய சாதனை. அந்த நாளில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அனுப்பினார்கள். ஆட்டத்தில் தனக்கும் ஏமாற்றம்தான் என்று அவரும் மறைக்காமல் சொன்னார்.

அதிர்ஷ்டம் பற்றி: போன சனிக்கிழமை கிரீஸில் 3-2 தோற்றபோது உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதி என்பது கணக்குப்படி முடிந்திருக்க வேண்டும். அதே இரவு கோபன்ஹேகனில் பெலாரஸ் டென்மார்க்கோடு 2-2. டென்மார்க் 11 புள்ளி, ஸ்காட்லாந்து 10 என்று வந்து நின்றது. ஆக பெலாரஸுக்கு ஒரு கோவில் கட்டலாம்.

பழைய லெஃப்ட்பேக்
2025 நவம்பர் 20, பகல் 11:15

கோவில் கட்டுங்கள், நானும் கல் தூக்குகிறேன். ஆனால் செவ்வாய் இரவு 82ஆவது நிமிடத்தில் பத்துப் பேரோடு ஆடும் டென்மார்க் 2-2 ஆக்கியபோது பெலாரஸ் வந்து உதவவில்லை. கடைசி இரண்டு கோலையும் போட்ட டியர்னியும் மெக்லீனும் பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள். 42 வயது கிரெய்க் கார்டனைக் கோல்கீப்பராக நிறுத்தியதும் அவர் முடிவு. கதவைச் சாத்துபவர் என்று நானே சொன்னேன். அன்று இரவு கதவு நான்கு பக்கமும் திறந்து கிடந்தது, மனிதர் பதறவில்லை.

என் பழைய கோச் ஒருவர் சொல்வார், ஃபுல்பேக்கை மேலாளராகப் போடாதே, ஆட்டம் தூங்கிவிடும் என்று. அவர் இருந்திருந்தால் செவ்வாய் இரவு போன் செய்து எழுப்பியிருப்பேன்.

ராத்திரிப்பந்து
2025 நவம்பர் 20, மாலை 5:40

தலைப்பை மாத்தச் சொல்றீங்களா? மாத்த மாட்டேன். "காத்திருக்கத் தெரிந்த இரண்டாம் ஆள்"னு நான் திட்டறதுக்குத்தான் போட்டேன். இப்போ படிச்சா எனக்கே அது திட்டு மாதிரி தெரியல. செயின்ட் மிரன் கோப்பை வாங்கினப்போ இல்ல, 98ல இல்ல, மொரின்யோ மேடையில ஏறினப்போ ஓரமா. இளம் வயசுல பகுதிநேரமா ஆடிக்கிட்டே கருவிப் பொறியியல் தொழில் பழகினவராம், இப்போதான் படிச்சேன். மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற வேலை. சரியாத்தான் இருக்கு.

ஆனா "பெரிய மேலாளர்"? ஸ்காட்லாந்து ஆண்கள் அணி எந்தப் பெரிய போட்டியிலும் குழுச் சுற்றைத் தாண்டினதில்ல. 98 வரைக்கும் எட்டு உலகக் கோப்பை, அதோட நாலு யூரோ. இவர் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை
2025 டிசம்பர் 7, காலை 8:15

இழையை எழுப்புகிறேன். குலுக்கல் முடிந்தது: பிரேசில், மொராக்கோ, ஹெய்ட்டி.

1998இல் ஸ்காட்லாந்தின் குழு: பிரேசில், நார்வே, மொராக்கோ. பிரேசிலிடம் 2-1 தோல்வி, ஸ்காட்லாந்தின் டாம் பாய்டின் மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போன பந்தால். மொராக்கோவிடம் 3-0.

ஹாம்ப்டன்வாசி
2025 டிசம்பர் 7, பகல் 1:50

இஞ்ச காலையில கடைக்காரர் முதலில சொன்னதே அதுதான். "திரும்பவும் மொராக்கோ" எண்டு. பிரேசிலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

நீலச்சட்டை
2025 டிசம்பர் 7, பகல் 2:20

98ல கூட்டிட்டுப் போகாத ஆளோட தலைமையில அதே ரெண்டு அணி. நேரம் போடுங்க யாராவது, லீவு சொல்லணும்.

கணக்குப்பிள்ளை
2025 டிசம்பர் 7, பகல் 2:41

இந்திய நேரப்படி: ஹெய்ட்டி ஜூன் 14 ஞாயிறு காலை 6:30. மொராக்கோ ஜூன் 20 அதிகாலை 3:30. பிரேசில் ஜூன் 25 அதிகாலை 3:30.

ராத்திரிப்பந்து
2025 டிசம்பர் 7, பகல் 2:44

ஞாயித்துக்கிழமை காலை ஆறரையா? அப்போ சத்தம் போட்டே குதிக்கலாம்.